மலைச்சாமி மதுரையில் அதிர்ந்த வரலாறு

வாடிப்பட்டிக்கு மேற்கே, கால்வாய்த் தண்ணீர் கடைசியாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஊர் ஒன்றில் மலைச்சாமி என்ற ஜேசிபி ஓட்டுநர் இருக்கிறார். வரலாறு எழுதும் அளவுக்கு அவர் எதையும் சாதித்தவர் அல்ல. அவர் சாதித்தது ஒன்றே ஒன்றுதான்: ஐம்பத்திரண்டு வயது வரை எதற்கும் அதிர்ச்சி அடையாமல் இருந்தார்.

ஊரில் அவருக்குப் பட்டப்பெயர் 'கல்லு'. கிணறு வெட்டும்போது ஒருமுறை ஜேசிபி வாளிக்குள்ளிருந்து நல்ல பாம்பு ஒன்று படமெடுத்து எழுந்தது. சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு திசையில் ஓட, மலைச்சாமி இன்ஜினை அணைத்துவிட்டு, "இறங்கிப் போப்பா, வேலை கெடக்கு" என்றார். பாம்பும் சங்கடப்பட்டு இறங்கிப் போய்விட்டது. அவருடைய கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் பந்தல் சரிந்து அத்தனை பேர் தலையிலும் விழுந்தது. துணிக்கடியில் தவழ்ந்து போய்ப் பெண்ணைத் தேடிப் பிடித்துத் தாலியைக் கட்டினார். கட்டியபின் டார்ச் அடித்து முகத்தைச் சரிபார்த்துக்கொண்டதாகவும் சொல்வார்கள். அவருடைய அப்பா முத்திருளன் ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் கூலிக்குக் குனிந்தவர். அந்தக் குடும்பத்தின் முதல் சொந்த நிலத்தை மலைச்சாமி பதிவு செய்த அன்று, பத்திர ஆபீஸ் வாசலில் சொந்தபந்தம் எல்லாம் தேம்பி அழுதது. மலைச்சாமி மட்டும், "இங்க டீ எங்க நல்லாருக்கும்?" என்று விசாரித்தார்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் திரும்பத் திரும்ப அதிர்ந்து, கடைசியில் வாயைத் திறந்தபடி ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார் என்றால், அதைப் பதிவு செய்து வைப்பது நம் கடமை.

அந்த வீட்டின் அரசியல் அமைப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். யோசனை சொல்லும் உரிமை மலைச்சாமிக்கு. அது செல்லாது என்று அறிவிக்கும் உரிமை மனைவி சுந்தரம்மாளுக்கு. இறுதித் தீர்ப்பு பல்லிக்கு. எந்தக் காரியமானாலும் சுந்தரம்மாள் மனசுக்குள் கேட்டுவிட்டுச் சுவர் ஓரமாக நிற்பாள். வலப்பக்கமிருந்து பல்லி அடுத்தடுத்துச் சொன்னால் காரியம் ஆகும். இடப்பக்கமிருந்து ஒற்றையாக ஒரு 'ச்சு' வந்தால் ஆகாது. உடனே தரையில் விரலால் தட்டிவிட்டு அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும். மலைச்சாமி ஒரு சோடி வெள்ளாடு வாங்கப் போனபோது பல்லி ஒற்றையாகச் சொன்னது. அந்த ஆடுகளைப் பக்கத்துத் தெருக்காரர் வாங்கினார். வாங்கிய வாரத்திலேயே இரண்டும் அவர் வீட்டுப் பாண்டியம்மாளின் பட்டுச்சேலையைத் தின்றுவிட்டன. அதற்குப் பிறகு பல்லியின் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய யாருக்கும் தைரியம் வரவில்லை.

மகள் முத்துமீனா பிளஸ் டூ முடித்தபோது, சுந்தரம்மாளின் தம்பி ராஜபாண்டி தாம்பாளத்தோடு வந்து இறங்கினார். "படிச்சது போதும்க்கா. புள்ளைய என் மகன் செல்வக்குமாருக்குக் குடுத்துரு." சுந்தரம்மாளுக்குத் தம்பி என்றால் உயிர். அவன் கேட்டு அவள் மறுத்ததே கிடையாது. "காப்பி போட்டு எடுத்தாரேன்" என்று அடுப்படிக்குப் போனாள். காப்பியோடு தீர்ப்பும் வந்தது. "பல்லி சொல்லிருச்சுடா தம்பி. புள்ள மேல படிக்கணுமாம்."

"எனக்குக் கேக்கலையே?"

"அடுப்படில சொல்லுச்சு."

ராஜபாண்டி காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். முத்துமீனா லேப் டெக்னீசியன் படித்து முடித்தாள். இப்போது மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலையும் கிடைத்துவிட்டது. வருகிற வியாழக்கிழமை விடியற்காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். ஊரிலிருந்து முதல் பஸ் ஆறு மணிக்குத்தான் கிளம்பவே யோசிக்கும். ஆகவே மதுரையில் வீடு பிடித்தால் வேலை உண்டு. பிடிக்காவிட்டால் இல்லை. இது தெரிந்ததும் ராஜபாண்டி மறுபடியும் தாம்பாளத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை ஒருநாள் வீடு பாப்போம்" என்றாள் சுந்தரம்மாள். "பல்லி நல்ல வாக்குச் சொன்ன வீடு அமைஞ்சா குடி போறோம். அமையலைன்னா நீ சொல்றபடி வைகாசில கல்யாணம். நீயும் கூட வந்து பாத்துக்கடா."

தேர்தல் பார்வையாளர் போல ராஜபாண்டி சம்மதித்தார். இந்த ஏற்பாட்டைப் பற்றி முத்துமீனாவைக் கேட்கவில்லை. செல்வக்குமாரையும் கேட்கவில்லை.

அன்று மாலை முத்துமீனா அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, என் வேலை ஒரு பல்லி வாயிலயா இருக்கு?"

"கவலப்படாத. நீ வியாழக்கிழமை வேலைக்குப் போற. இது என் வாக்கு."

"பல்லி சொல்லலைன்னா?"

"மதுரையில பல்லிக்கா பஞ்சம்?"

மலைச்சாமியின் வாழ்க்கையில் இதைவிடப் பிழையான வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

ஞாயிறு காலை நால்வரும் ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் இறங்கினார்கள். சுந்தரம்மாள் கையில் ஒரு ஒயர் கூடை. அதில் புளிச்சோறும் கருவாட்டு வறுவலும் இருந்தன. மதுரையில் சாப்பாடு கிடைக்காது என்பது அவள் எண்ணமல்ல. மதுரைக்காரர்கள் கருவாட்டை ஒழுங்காக வறுக்க மாட்டார்கள் என்பது அவள் தீர்மானம். அங்கே ஆட்டோவோடு காத்திருந்தவர் யூனுஸ். பாதி நேரம் ஆட்டோ ஓட்டுநர், பாதி நேரம் வீட்டுத் தரகர், முழு நேரமும் பேச்சாளர்.

"வாங்கண்ணே, வாங்கக்கா. இன்ஷா அல்லா, மத்தியானத்துக்குள்ள சாவி உங்க கையில."

"பாய், வீட்டுல பல்லி இருக்கணும்" என்றாள் சுந்தரம்மாள்.

வாஸ்து, கார் நிறுத்துமிடம், மேற்கு வாசல் கூடாது என்று எத்தனையோ கேட்டுப் பழகிய யூனுஸ் ஒரு கணம் தடுமாறினார். "இருக்கும்க்கா. வாடகையில சேத்தித்தான்."

முதல் வீடு பழங்காநத்தத்தில். மாடி வீடு, புது பெயின்ட். கேட்டில் 'வீடு வாடகைக்கு' என்று பலகை தொங்கியது. வெள்ளை பனியனோடு வந்த வீட்டுக்காரர் கேட்டின் உள்ளே நின்றார், இவர்கள் வெளியே நின்றார்கள். யூனுஸ் ஆட்டோவை விட்டே இறங்கவில்லை.

"எந்த ஊரு?"

"வாடிப்பட்டிப் பக்கம்ங்க."

"பக்கம்னா?"

மலைச்சாமி ஊர்ப் பெயரைச் சொன்னார்.

"அங்க எந்தத் தெரு?"

மலைச்சாமிக்கு வியப்பாக இருந்தது. இத்தனை வருசத்தில் தபால்காரர்கூட அவரைத் தெருப் பெயர் கேட்டதில்லை. "கீழத்தெருங்க."

"கோயிலுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடிங்க."

வீட்டுக்காரர் நெற்றியில் கையை வைத்தார். "அடடா, மறந்தே போயிட்டேன். அமெரிக்காவுல இருந்து என் மகன் வாரான். மாடி அவனுக்கு வேணும்."

கேட் மூடிக்கொண்டது. பலகை மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

மலைச்சாமி அடைந்த முதல் அதிர்ச்சி இதுதான். போன் அடிக்கவில்லை, கடிதம் வரவில்லை. வாடிப்பட்டிப் பக்கத்தில் ஒரு தெருவின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் அமெரிக்காவில் ஒருவன் பெட்டி கட்டத் தொடங்குகிறான் என்றால், விஞ்ஞானம் எங்கே போய் நிற்கிறது என்று அவர் ஆட்டோவில் ஏறும்வரை யோசித்தார்.

"அவரு மகனுக்கு இந்த மாசத்துல இது நாலாவது தடவைண்ணே" என்றார் யூனுஸ். "பாவம், பிளைட்டுலேயே குடித்தனம் நடத்துறான்."

"தெரிஞ்சே ஏன் பாய் கூட்டி வந்தீங்க?"

"போர்டு தொங்குதேண்ணே. ஒருநாளாச்சும் அந்தப் பிளைட் கேன்சல் ஆகாதான்னு ஒரு ஆசைதான்."

முத்துமீனா துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். ராஜபாண்டியும் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் எதுவும் பேசவில்லை. அவரும் அதே தெருதான்.

இரண்டாவது வீடு பைபாஸ் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. வீட்டுக்காரி சரண்யாதேவி, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவள். அவள் தெரு கேட்கவில்லை. அவளுக்கு வேறொரு பெருமை இருந்தது.

"மாசாமாசம் மருந்தடிக்கிறோம் ஆன்ட்டி. ஒரு எறும்பு கிடையாது, கரப்பான் கிடையாது, பல்லி கிடையாது. கேரண்டி."

சுந்தரம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். "பல்லியே கெடையாதா?"

"ஒண்ணுகூட இல்ல ஆன்ட்டி!"

"எம்புட்டு நாளாம்மா?" என்று சாவு வீட்டில் துட்டி விசாரிக்கிற குரலில் கேட்டாள் சுந்தரம்மாள்.

சரண்யாதேவி சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தரகரைப் பார்த்தாள். தரகர் மின்விசிறியைப் பார்த்தார். இருந்தாலும் முறைப்படி நின்று பார்க்க வேண்டும் அல்லவா? சுந்தரம்மாள் சுவர் ஓரமாகக் கண்ணை மூடி நின்றாள். ராஜபாண்டி கையைக் கட்டிக்கொண்டு கூர்ந்து கேட்டார். பளிங்குச் சுவர்கள் மூச்சு விடாமல் இருந்தன.

அந்த இடைவெளியில் மலைச்சாமி அடுப்படியைப் பார்க்கப் போய் அடுத்த அதிர்ச்சியை வாங்கிக்கொண்டார். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு அடுப்பு கைக்கெட்டும் தூரத்தில் எரிந்துகொண்டிருந்தது. குக்கர் விசில் அடித்தது. எங்கோ உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "யாரு, புதுசாக் குடி வந்தவங்களா? அண்ணே, அந்த அடுப்பைக் கொஞ்சம் அணைச்சு விடுங்க, நான் குளிக்கிறேன்" என்றது. மலைச்சாமி கம்பிக்குள் கையை விட்டு, முகம் தெரியாத ஒரு குடும்பத்தின் பருப்பை இறக்காத குறையாக அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். வெளியே வந்து வெகுநேரம் தன் கையையே பார்த்தார்.

"வாக்கு வரல" என்று தீர்ப்புச் சொன்னாள் சுந்தரம்மாள்.

"வராதுல்ல?" என்றார் ராஜபாண்டி. "செத்த பல்லி எப்பிடிக்கா சொல்லும்?"

மூன்றாவது வீட்டுக்கு யூனுஸ் நம்பிக்கையோடு அழைத்துப் போனார். "பல்லிதானக்கா கேட்டீங்க? வாங்க காட்டுறேன்." ஆட்டோ ஊரைத் தாண்டியது. தேனி ரோட்டைப் பிடித்தது. கீழக்குயில்குடி போகும் வழியில் எல்லைக்கல் நட்ட பொட்டலுக்கு நடுவே ஒற்றையாக ஒரு வீடு நின்றது. 'மதுரைக்கு மிக அருகில்' என்று ஒரு பெரிய பலகை. பலகைக்குப் பின்னால் சமணர் மலை. மதுரை எந்தத் திசையில் இருக்கிறது என்பதை யூனுஸ் சூரியனைப் பார்த்துச் சொன்னார்.

"இங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போறது?" என்று கேட்டாள் முத்துமீனா.

"ஒரு பஸ் இருக்கும்மா. வரும். வந்தா நிக்கும்."

"இதுக்கு நம்ம ஊரே மதுரைக்குப் பக்கம் பாய்" என்றார் மலைச்சாமி.

வீட்டுக்குள் பல்லிகளுக்குக் குறைவே இல்லை. டியூப்லைட்டுக்குப் பின்னால், காலண்டருக்குக் கீழே, மீட்டர் பெட்டிக்குள் என்று குடும்பம் குடும்பமாக இருந்தன. சுந்தரம்மாள் கண்ணை மூடியதுதான் தாமதம், நான்கு சுவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கின. வலப்பக்கம் ஒன்று அடுத்தடுத்துச் சொல்ல, இடப்பக்கம் ஒன்று ஒற்றையாக மறுக்க, மேலேயிருந்து ஒன்று குறுக்கிட்டது. பஞ்சாயத்துக் கூட்டம் மாதிரி இருந்தது. சுந்தரம்மாள் தரையில் தட்டவும் முடியாமல், தட்டாமல் இருக்கவும் முடியாமல் பாதி குனிந்தபடியே நின்றுவிட்டாள்.

"எதை எடுத்துக்கிறதுக்கா?" என்று கேட்ட ராஜபாண்டிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"இது வாக்கு இல்லடா. சந்தை."

மலைச்சாமி சுவரில் சாய்ந்தார். பல்லி இல்லாத வீடும் ஆகாது, பல்லி இருக்கிற வீடும் ஆகாது என்றால் இந்த உலகத்தில் மனிதன் எங்கேதான் குடியிருப்பது? அவருடைய அப்பா ஆயுசில் கேட்காத கேள்வி இது. கல்லு மெல்ல விரிசல் விடத் தொடங்கியது.

சமணர் மலையடிவாரத்தில், தாமரைக் குளத்துக்கு எதிரே ஆலமரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தார்கள். மலையைப் பார்க்க வந்த கூட்டம் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தது. ராஜபாண்டி புளிச்சோற்றை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டே மண்டபம், பந்தி, மேளம் என்று கல்யாணத்தை நடத்தத் தொடங்கிவிட்டார். "ரசம் மட்டும் நம்ம சமையக்காரர் ஜெயபாண்டி கை ரசம்தான் மச்சான், அதுல விட்டுக் குடுக்க மாட்டேன்." முத்துமீனா இலையில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். கருவாட்டைத் தொடவில்லை. மலைச்சாமி அதைப் பார்த்தார். கருவாடென்றால் உயிரை விடுகிற பிள்ளை.

சுந்தரம்மாள் கை கழுவக் குளத்துப் பக்கம் போனாள். அங்கே நின்ற யூனுஸிடம் அவள் ஏதோ சொல்ல, அவர் முகம் வெளிறிப் போனதை மலைச்சாமி தூரத்திலிருந்தே கண்டார். தரகுக் கூலியைக் குறைக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அவள் திரும்பி வந்ததும் இவர் மெதுவாக எழுந்து போனார். இருபத்தேழு வருசக் குடித்தனத்தில் மனைவிக்குத் தெரியாமல் அவர் செய்யப்போகும் முதல் திருட்டுத்தனம் அது.

"பாய், உங்ககிட்ட ஒரு உதவி. போன்ல எல்லாச் சத்தமும் வரும்ல? நம்ம கூட வேலை பாக்குற ஒருத்தன் போன்ல சேவல் கூவுது."

"வரும்ண்ணே."

"பல்லிச் சத்தம் வருமா? அடுத்த வீட்டுல, அவளுக்கு வலப்பக்கமா நின்னு, லேசா ஒரு தடவ..." அதற்கு மேல் சொல்ல வரவில்லை. "புள்ளைக்கு வாக்குக் குடுத்துட்டேன் பாய்."

யூனுஸ் இருமினார். மலையைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார், வாயில் வந்த எதையோ விழுங்கினார். "பாத்துக்கலாம்ண்ணே" என்றார்.

நான்காவது வீடு மகபூப்பாளையத்தில், ஒரு முட்டுச்சந்தின் கடைசியில். கீழே அமீருன்னிசா என்ற அம்மாள் இருந்தார். யூனுஸுக்குப் பெரியம்மா முறை. மாடியில் இரண்டு அறை, சின்ன அடுப்படி, துணி காயப்போட மொட்டை மாடி. ஆஸ்பத்திரி நடந்து போகும் தூரம். முத்துமீனா ஜன்னலைத் திறந்து பார்த்தாள். எதிரே அடுப்பு இல்லை, ஒரு வேப்பமரம் இருந்தது. திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

"புள்ளைக்கு வேலை எம்புட்டு மணிக்கு?" என்று கேட்டார் அமீருன்னிசா.

"விடியக்கால ஆறு மணிக்கும்மா."

"நல்லதாப் போச்சு. நான் பஜ்ரு தொழுகைக்கு எந்திரிச்சிருவேன், கேட்டைத் தெறந்து விட்டுருவேன். தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். மோட்டாரை அமத்த மறந்தா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிருவேன். மிரட்டல்னு நினைக்காதீங்க, ரெண்டு குடும்பம் போயிருச்சு."

மலைச்சாமி காத்திருந்தார். அடுத்த கேள்வி வரவில்லை. வராத கேள்வியின் பாரம் தாங்காமல் அவரே சொல்லிவிட்டார்: "எங்களுக்குக் கீழத்தெரும்மா. கோயிலுக்குப் பின்னாடி."

அமீருன்னிசா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நான் மோட்டாரைப் பத்திப் பேசுறேன். நீங்க கோயிலைப் பத்திப் பேசுறீங்க. காது சரியாக் கேக்காதா?"

"கேக்கும்மா."

"அப்பச் சரி. எனக்கு ஒரே ஒரு கண்டிஷன். கலெக்டர் சம்மதிக்கணும்."

மலைச்சாமிக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. இரண்டு அறைக்குக் கலெக்டர் கையெழுத்தா? எந்த ஆபீசில் மனுக் கொடுப்பது? அதற்குள் மொட்டை மாடிப் படியில் மெத்து மெத்தென்று காலடி கேட்டது. சாம்பல் நிறத்தில், ஒரு காது கிழிந்த, அரைக் குடம் பருமனுள்ள ஒரு கடுவன் பூனை இறங்கி வந்து நடுக்கூடத்தில் நின்றது.

"இவருதான். காலையில எல்லாத் தெருவையும் சுத்திப் பாத்துட்டு வருவாரு. ஒரு குறையையும் தீத்து வைக்க மாட்டாரு. அதான் அந்தப் பேரு. இவரு யாரு பக்கத்துல போயி உக்கார்றாரோ அவுங்களுக்குத்தான் வீடு."

சுந்தரம்மாள் சுவர்களைச் சுற்றிப் பார்த்தாள். "பல்லி?"

"இருந்துச்சு. கலெக்டர் ஒண்ணையும் விட்டு வைக்கல."

ராஜபாண்டி சத்தமில்லாமல் சிரித்தார். சிரித்தபடியே போய் ஜன்னல் ஓரம் நின்றார். சுந்தரம்மாள் கண்ணை மூடினாள். முத்துமீனா அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். யூனுஸ் நகர்ந்து நகர்ந்து சுந்தரம்மாளின் வலப்பக்கம் வந்து சேர்ந்தார். அவர் கை சட்டைப்பைக்குப் போனது.

"ச்சு... ச்சு... ச்சு... ச்சு..."

தெளிவான வாக்கு. அடுத்தடுத்து, வலப்பக்கம். சுந்தரம்மாளின் முகம் மலர்ந்தது. "கேட்டியாடா தம்பி?"

தம்பிக்கு மட்டுமா கேட்டது? இந்த வீட்டில் பல்லி ஒன்று தன் பார்வைக்குத் தப்பி உயிரோடிருக்கிறது என்ற செய்தி கலெக்டருக்கும் எட்டியது. அதைத் தன் நிர்வாகத்துக்கு நேர்ந்த அவமானமாக அவர் எடுத்துக்கொண்டார். இரண்டு தாவலில் கூடத்தைக் கடந்து, மூன்றாவது தாவலில் யூனுஸின் சட்டைப்பையில் தொங்கினார்.

"யா அல்லா!" என்று அலறினார் யூனுஸ். "பெரியம்மா, புடிங்க! நெஞ்சைப் புடுங்குது!"

சட்டைப்பை கிழிந்தது. போன் தரையில் விழுந்து வட்டமாகச் சுழன்றது. சுழன்றுகொண்டே, "ச்சு... ச்சு..." என்றது. கலெக்டர் அதைக் காலால் புரட்டி அடித்தார். பல்லிச் சத்தம் நின்றது. அதே போனிலிருந்து கணீரென்று ஒரு விளம்பரக் குரல் எழுந்தது: "மதுரைக்கு மிக அருகில்! உங்கள் கனவு இல்லம்! இன்றே முன்பதிவு செய்யுங்கள்!"

நல்ல பாம்புக்கு அசராத மலைச்சாமி தரையில் உட்கார்ந்துவிட்டார். மகளுக்குக் கொடுத்த வாக்கு தரையில் கிடந்து மனை விற்றுக்கொண்டிருந்தது.

"மோசடிக்கா!" ராஜபாண்டி கூரை அதிரக் கத்தினார். "பட்டப்பகல்ல, பையில பல்லியைப் போட்டுக் கொண்டாந்து ஏமாத்துறாங்கெ! பேச்சு முடிஞ்சது. வைகாசில கல்யாணம்!"

எல்லாரும் சுந்தரம்மாளைப் பார்த்தார்கள். அவள் குனிந்து போனை எடுத்து, முந்தானையால் துடைத்து, யூனுஸிடம் கொடுத்தாள். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"எதுக்குடா இம்புட்டுச் சத்தம்? பல்லி சொல்லுச்சா இல்லையா?"

"அது போனுக்கா!"

"உன் மகன் செல்வக்குமாரு நேத்துப் போன்ல பேசுனானே, என்னென்னு கேட்டே?"

"சாப்பிட்டியாடான்னு கேட்டேன்."

"போன்லதான பேசுறான்னு, அது செல்வக்குமாரு இல்லைன்னா நினைச்சே?"

ராஜபாண்டி யூனுஸ் கையிலிருந்த போனை முறைத்தார்.

"எங்கயோ ஒரு சுவத்துல இருந்துக்கிட்டு ஒரு பல்லி சொல்லியிருக்கு. அது போன்ல வந்திருக்கு. ஆஸ்பத்திரில வேலை பாக்கப் போற புள்ளைக்குப் போன்லதான் வாக்கு வரும். வலப்பக்கம் வந்துச்சு. அடுத்தடுத்து வந்துச்சு. ஆகும்னு அர்த்தம். அம்புட்டுத்தான்."

நீதிமன்றங்கள் பொறாமைப்படும் அந்தத் தீர்ப்பைக் கேட்டு மலைச்சாமி தரையிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் அருகில் ஒயர் கூடை இருந்தது. கூடைக்குள் முத்துமீனா தொடாத கருவாடு இருந்தது. கலெக்டர் மூக்கை நீட்டினார், கூடையை ஒருமுறை சுற்றி வந்தார், பிறகு மலைச்சாமியின் மடியில் ஏறிப் பெரிய மனுசத் தோரணையில் உட்கார்ந்தார்.

"கையெழுத்துப் போட்டுட்டாரு" என்றார் அமீருன்னிசா. கூடையிலிருந்து வந்த வாசனை அவர் மூக்குக்கும் எட்டியிருக்க வேண்டும். ஆனால் அதைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. "மோட்டாரை மட்டும் மறந்துராதீங்க."

ஆரப்பாளையம் திரும்பும் வழியில் மலைச்சாமி முன்சீட்டில், யூனுஸுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பின்னால் ராஜபாண்டி ஒரு மூலையில் உம்மென்று இருந்தார். முத்துமீனா மீதிக் கருவாட்டைத் தின்றுகொண்டிருந்தாள்.

"பாய், நான் சொன்னதுக்காக இம்புட்டுச் செஞ்சீங்க. சட்டைக்கு நான் வாங்கித் தாரேன்" என்றார் மலைச்சாமி தாழ்ந்த குரலில்.

"நீங்க எங்கண்ணே சொன்னீங்க?" யூனுஸ் கண்ணாடி வழியாகப் பின்சீட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "நீங்க வந்து சொல்றதுக்கு முன்னாடியே அக்கா சொல்லிட்டாங்க. கொளத்துக்கரையில. 'பாய், வலப்பக்கம் நில்லுங்க, ஒத்தையில வந்துறாமப் பாத்துக்கங்க'ன்னு வெவரமாச் சொன்னாங்க. நீங்களும் வந்து அதையே கேக்கவும் எனக்குக் கை காலே ஓடல."

மலைச்சாமி மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். சுந்தரம்மாள் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, வெளியே கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தாள். உலகத்தில் எந்தப் பாவமும் அறியாத முகம்.

அப்போதுதான் மலைச்சாமிக்கு அன்றைய பேரதிர்ச்சி வந்தது. அது வந்தது மதுரையிலிருந்து அல்ல, சொந்த வீட்டு அடுப்படியிலிருந்து. முத்துமீனா படிக்கட்டும் என்று பல்லி சொன்ன அன்று அடுப்படியில் இருந்தது யார்? சுந்தரம்மாள் மட்டும். தம்பி தாம்பாளம் தூக்கி வந்தபோதெல்லாம், அக்காவால் வாய் திறந்து மறுக்க முடியாதபோதெல்லாம், பல்லி சொன்னது எந்தச் சுவரிலிருந்து? அவளுக்கு மட்டும் கேட்கிற சுவரிலிருந்து. ஆடு? ஆட்டுக்குச் சொன்னது அவர் காதிலும் விழுந்தது, அது நிஜப் பல்லிதான். நிலம் வாங்கியபோது? கல்யாணத்துக்கு முன், அவரைப் பார்த்துவிட்டு அவள் சரி சொன்னபோது? அந்தப் பல்லி எது? மலைச்சாமி ஒவ்வொரு பல்லியாக எண்ணிக்கொண்டே வந்தார். பஸ் நிலையம் வந்தும் இறங்கவில்லை. வாய் திறந்திருந்தது. யூனுஸ்தான் தோளைத் தொட்டு எழுப்பினார்.

புதன்கிழமை விடியலில் மகபூப்பாளையத்து வீட்டில் பால் காய்ச்சினார்கள். தாய்மாமன் என்ற முறைக்கு ராஜபாண்டியும் வந்து, முறைப்பாகவே நின்றார். பால் பொங்கி வரும் நேரம் அடுப்படிச் சுவரின் மேல் மூலையில், இடப்பக்கம், மெலிந்து போன ஒரு பல்லி எட்டிப் பார்த்தது. எத்தனை மாதம் எந்த இடுக்கில் ஒளிந்து கிடந்ததோ!

"ச்சு" என்றது. ஒற்றையாக.

எல்லாருக்கும் கேட்டது. ராஜபாண்டியின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "அக்கா! கேட்டியாக்கா! இடப்பக்கம்! ஒத்தை!"

மலைச்சாமி மனைவியின் முகத்தைப் பார்த்தார். முத்துமீனாவின் வெள்ளைக் கோட்டு, மறுநாளுக்காக இஸ்திரி போட்டு, கதவுக்குப் பின்னால் தொங்கியது.

சுந்தரம்மாள் பாலை இறக்கினாள். முதல் டம்ளரைத் தம்பியிடம் நீட்டினாள்.

"அது இந்த வீட்டுப் பல்லி இல்லடா, வழி தவறி வந்தது. நீ பாலைக் குடி." பிறகு படிக்கட்டுப் பக்கம் திரும்பி, மிகுந்த மரியாதையோடு கூப்பிட்டாள். "கலெக்டர்! இங்க கொஞ்சம் வாங்க."